பெரட்டுக்கு வந்த தொரசானி

அன்றைக்குக் காலையில் நாங்கள் கூடையும் மம்பட்டியுமாகப் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றபோது, எதிரே அமெரிக்கப் பட்டாளம் துவைத்த சட்டையோடு வரிசையாக நின்றது. பக்கத்தில் நம்ம நாட்டுப் பட்டாளம். நடுவில் இரண்டு கொடி, ஒன்று நம்ம சிங்கக் கொடி, இன்னொன்று அவர்களுடைய நட்சத்திரக் கொடி. ஒரு ஆள் கெமராவைத் தூக்கிப் பிடித்திருந்தான். எங்கள் பக்கமோ இடுப்பில் படங்குச் சாக்கு, கையில் அலவாங்குக் கடப்பாரை, முதுகில் கொழுந்துக் கூடை. பொண்ணு பார்க்க வந்த வீட்டுக்குள் குழி வெட்டுகிற ஆட்கள் நுழைந்த மாதிரி இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நின்றோம். பின்னால் யாரோ ஒரு குமரி களுக்கென்று சிரித்தாள். அமெரிக்கப் பட்டாளத்துக்குத் தலைவியாக முன்னால் நின்ற அம்மா சிரிக்கவில்லை. அவர் பேரைச் சொன்னார்கள், என் வாயில் நிற்கவில்லை. எங்கள் வரிசை வீட்டு லயத்தில் எல்லோரும் தொரசானி என்றார்கள்.

ராகலைப் பக்கத்துக்கு மழை புதுசில்லை. நான் பிறந்ததே மழையில்தான் என்று எங்கள் அம்மா சொல்வாள். ஆனால் அந்தப் புயல் மழை மலையையே கரைத்து ஆற்றில் ஊற்றிவிட்டது. எங்கள் பணியக் கணக்கு, அதாவது தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு, ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிறது. ரோடு, ஆஸ்பத்திரி, கடை எல்லாம் அந்தக் கரையில். பாலம் போனதோடு எங்கள் கரையில் மண்ணும் சரிந்து, யானை வாய் மாதிரி பள்ளமாகிவிட்டது. மலையைச் சுற்றிப் போகிற பாதையும் மண்சரிவில் மூடிவிட்டது. வேலை நின்றது. நம்ம பட்டாளமும் உதவிக்கு வந்த அமெரிக்கப் பட்டாளமும் ஆற்றில் கயிறு கட்டி, நெஞ்சளவு தண்ணீரில் அரிசியும் மாவும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எங்க வீட்டுக்காரருக்குச் சீனி வியாதி. இடது காலில் கல் குத்திய புண். குத்தியதே அவருக்குத் தெரியவில்லை, அந்தக் கால் அப்படி மரத்துப்போயிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம். பாலம் போன பிறகு புண் வீங்கி, நாற்றம் எடுத்து, விரல் கறுத்தது. மகன் போனில் டொக்டரிடம் சொன்னான். "சீக்கிரம் கொண்டு வரணும், இல்லாட்டி முழங்காலோட எடுக்க வேண்டி வரும். புண்ணுல ஆத்துத் தண்ணி மட்டும் படக்கூடாது" என்றார் டொக்டர். தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று பார்த்தார்கள். கயிறு பிடித்த நல்ல ஆளையே தண்ணீர் இழுத்தது. ஹெலிகொப்டர் இறங்க எங்கள் சரிவில் சமதரை இல்லை, மூடுபனியும் விலகவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு எங்க வீட்டுக்காரர், "ஒரு காலுதானே, மத்தது இருக்கு" என்றார். ஊருக்கு முன்னால் அப்படிச் சொல்வார். போர்வைக்குள் அந்தக் காலைக் கையால் தடவிக்கொண்டே இருப்பார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன்.

தொரசானியை நான் முதலில் பார்த்தது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைப் பாதையில். நான் தண்ணீர்க் குடத்தோடு மேலே ஏறுகிறேன், எதிரே ஒரு மாவு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தம்மா இறங்குகிறார். ஒற்றையடிப் பாதை. எங்கள் சின்ன வயதில் தோட்டத்துத் தொரையின் பெண்சாதியான பங்களாத் தொரசானி வந்தால் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். யாரும் இப்போது கேட்பதில்லை, ஆனால் உடம்பு மறக்கவில்லை. சட்டென்று கானுக்குள் இறங்கிவிட்டேன். அதே நேரம் அந்தம்மாவும் எனக்கு வழி விட்டு மறுபக்கம் செடிக்குள் இறங்கிவிட்டார். பாதை காலியாகக் கிடக்கிறது, இரண்டு பேரும் இரண்டு பக்கம் சேற்றில் நிற்கிறோம். முதலில் சிரித்தது அவர்தான்.

எங்களை விடக் கறுப்பு அவர். தொரசானி என்றால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த லயத்து ஆட்களுக்கு வாய் மூடவில்லை. "சேத்துல எறங்கி நிக்கிற தொரசானிய எவடி கண்டா?" என்று நானே கேட்டேன். ஆனால் அத்தனை ஆம்பளைகளும் அவர் முன்னால் விறைத்து நின்று சலூட் அடித்ததைப் பார்த்தபோது, எனக்கு என்னமோ முதுகு நிமிர்ந்தது. அதைப் போய் யாரிடம் சொல்ல.

அவரோடு எப்போதும் நம்ம பட்டாளத்துச் சார்ஜன் ஐயா ஒருவர் இருந்தார், சார்ஜன் மாத்தயா என்போம். சிங்களவர். இங்கிலீசும் தெரியும், தமிழும் தட்டித் தடவிப் பேசுவார். சண்டைக் காலத்தில் அந்தப் பச்சைச் சட்டையைக் கண்டால் நாங்கள் பாதை மாறிப் போவோம். என் தம்பியை ஐடென்டிகாட் இல்லையென்று பஸ்ஸிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு, பிறகு ஒன்றும் சொல்லாமல் விட்டார்கள். அதற்கப்புறம் அவன் டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டான். அதனால் சார்ஜன் மாத்தயா தேத்தண்ணி கேட்டால்கூடக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன், பேச மாட்டேன்.

அந்தக் கரைக்குப் பாலத்துக்கான இரும்பு லொறியில் வந்து இறங்கியிருந்தது. அங்கே அத்திவாரமும் போட்டுவிட்டார்கள். எங்கள் கரைப் பள்ளத்தை நிரப்பத்தான் வழியில்லை. மெஷின் ஆற்றைத் தாண்டி வர முடியாது. அமெரிக்கப் பட்டாளம் மறுநாள் போக வேண்டுமென்று மேலிடத்துக் கட்டளை. இரும்பை அப்படியே ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள், நம்ம ஆட்கள் பிறகு பூட்டிப் பாலமாக்குவார்கள் என்று சார்ஜன் மாத்தயா வந்து சொன்னார். எப்போ என்று மகன் கேட்டதற்கு, என்னைப் பார்த்து, "இக்மனட்ட, அம்மே. சீக்கிரம்" என்றார். உள்ளே படுத்திருந்த எங்க வீட்டுக்காரர், "சீக்கிரம்னா எந்த வருசம்னு கேளு" என்று குரல் கொடுத்தார். மாத்தயா தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்கிக் காலை பெரட்டு. ஒக்கோம வரணும், எல்லாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். விடிய ஆட்கள் கூடி நின்று, இன்றைக்கு எந்த மலையில் என்ன வேலை என்று பிரித்துக்கொள்கிற இடம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த பரேட் என்ற சொல்லை எங்கள் வாய் அரைத்து அரைத்து அப்படி ஆக்கிவிட்டது. பெரட்டு என்று காதில் விழுந்ததும் லயமே மாறிவிட்டது. பள்ளத்தை நிரப்பக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆம்பளைகள் மம்பட்டிக்கு ஆப்பு வைத்து இறுக்கினார்கள். பொம்பளைகள் கூடையை உதறி எடுத்தோம். பல்லுப் போன கிழவிகள்கூட வந்தார்கள். வந்து பார்த்தால் கொடி, கெமரா.

சார்ஜன் மாத்தயா ஓடி வந்தார். "அய்யோ அம்மே, கூடை எதுக்கு?"

"நீங்கதானே பெரட்டுன்னீங்க?" என்றாள் என் மருமகள்.

"அது வேற பெரட்டு! இது சும்மா நிக்கிற பெரட்டு!"

"சும்மா நிக்கிறதுக்கு எந்தத் தோட்டத்துல மாத்தயா பெரட்டு வைப்பாங்க?" என்று எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. தலைவர் மெதுவாக, "வாங்க, போவோம்" என்று திரும்பினார். எனக்குக் கால் திரும்பவில்லை. கூடையை இறக்கி மாத்தயாவின் காலடியில் வைத்தேன்.

"மாத்தயா, அந்த இரும்ப வச்சிட்டுப் போனா நாங்க துணி காயப் போடலாம். வேற ஒண்ணும் ஆகாது. எங்க வீட்டுக்காரர் காலு உங்க சீக்கிரத்துக்குக் காத்திருக்காது. மண்ணு போட ஆளு இல்லன்னுதானே நிக்கிது? இந்தா இருக்கு ஆளு. எந்த எடம்னு சொல்லுங்க."

அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான். தொரசானி என்ன என்று கேட்க, மாத்தயா இங்கிலீசில் சொல்லத் தொடங்கினார். நடுவில் என் கூடையைக் காட்டினார், எங்கள் லயத்தைக் காட்டினார். தொரசானி "பெரட்டு, பெரட்டு" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். பெரிய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். முதலில் நிமிர்ந்து நின்று பேசினார், அப்புறம் தலையைச் சாய்த்துப் பேசினார், அப்புறம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு பேசினார். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் நாங்கள் அரைநாள் லீவு கேட்கிறது அப்படித்தான். எவ்வளவு பெரிய நாடாக இருந்தாலும் மேலே ஒருத்தர் இருக்கத்தான் செய்வார் போலிருக்கிறது. திரும்பி வந்து, நாளை மத்தியானம் வரைக்கும் இருப்போம் என்று சொல்லி, மேல்சட்டையைக் கழற்றிக் கொடிக்கம்பத்தில் மாட்டினார். ஒப்படைப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் அந்தக் கரையில் மாலையோடு நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கொழுந்து சுமந்த கூடையில் கல் சுமந்தோம். தொரசானி ஒரு கூடையைக் கேட்டு வாங்கிக் கயிற்றைத் தலையில் மாட்டினார். எழுந்ததும் மல்லாக்க விழுந்தார். "எங்க தொரசானி வேர்ல்டுக்கே பெரிய பட்டாளம், கூடைக்குத் தோத்துட்டாங்க" என்று என் மருமகள் கத்த, அந்தப் பட்டாளத்துப் பையன்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார்ஜன் மாத்தயா என்னோடு சேர்ந்து ஒரு பாறையை உருட்டினார். "தள்ளுங்க அம்மே!" "நீங்க தள்ளுங்க, நான் தள்ளிட்டுத்தான் இருக்கேன்!" அப்படிப் பேச்சு வந்துவிட்டது.

வெறுந்தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது தொரசானி என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். கொழுந்துக் கறை. எத்தனை காலமாக இங்கே என்று மாத்தயா மூலம் கேட்டார். எங்க தாத்தாவோட தாத்தா கப்பல்ல வந்தாரு என்றேன். அவர் என் விரல்களை விடாமல் ஏதோ சொன்னார். மாத்தயா நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அவங்க ஆளுங்களையும் கப்பல்லதான் கொண்டு வந்தாங்களாம், அம்மே. சங்கிலி போட்டு. பஞ்சு எடுக்க." நான் என் கருப்பட்டித் துண்டைக் கடித்து, பாதியை அந்தம்மா கையில் வைத்தேன்.

மறுநாள் அந்தக் கரையிலிருந்து இரும்பைத் துண்டு துண்டாகப் பூட்டித் தள்ளிக்கொண்டே வந்தார்கள். நாங்கள் நிரப்பிய மண்ணின்மேல் அது வந்து உட்கார்ந்தபோது பூமி ஒரு தரம் அதிர்ந்தது. மண் இறங்கவில்லை. எங்க வீட்டுக்காரரை ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னார்கள். "பாடையில ஏத்துற மாதிரி ஏத்தாதீங்கப்பா" என்று மறுத்துவிட்டார். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்திலிருந்து நாற்காலி கொண்டுவந்து உட்கார வைத்துத் தூக்கினார்கள். முன்னால் ஒரு பக்கம் தொரசானி, மறுபக்கம் சார்ஜன் மாத்தயா, பின்னால் எங்கள் மகனும் தலைவரும்.

"ஏய், எங்க பாட்டன் தொரையத் தூக்குனாரு. இன்னைக்குத் தொரசானி என்னையத் தூக்குறாங்க, பாத்துக்க!"

"வாய மூடிட்டு வாங்க, ஆத்துல போட்டுறப் போறாங்க" என்றேன். மாத்தயா அதையும் மொழிபெயர்த்துவிட்டார். நாற்காலி குலுங்கியது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கட்டைப் பிரித்தார். முகம் சுளிக்கவில்லை. கறுத்த விரலைத் தொட்டார், இவர் சும்மா இருந்தார். பாதத்தை அமுக்கினார், சும்மா இருந்தார். கணுக்கால் பக்கம் வந்து ஊசியால் குத்தினார்.

"ஐயோ சாமி, வலிக்குதே!" என்று எங்க வீட்டுக்காரர் அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லாக் கத்தட்டும் அம்மா. வலிக்குதுன்னா உசிரு இருக்கு. ரெண்டு விரல் போகும், காலு நிக்கும்."

நாங்கள் திரும்பி வந்தபோது அமெரிக்கப் பட்டாளம் போய்விட்டிருந்தது. பெரிய நாட்டுக்காரன் சும்மா வருவானா, அவனுக்குத் துறைமுகத்தில் ஒரு கண், நம்ம பட்டாளத்தோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறான் என்று கடை முதலாளி சொல்கிறார். இருக்கும். ஆனை சும்மா ஊருக்குள் வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் வந்தவர்கள் சொன்ன நாளுக்கு மேல் அரைநாள் தங்கினதற்கே அவ்வளவு கெஞ்ச வேண்டியிருந்தது. முந்தி வந்த வெள்ளைக்காரன் போகத் தலைமுறை தலைமுறையாக எடுத்துக்கொண்டான். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அந்தம்மா எந்த நாட்டில் யாருக்குச் சலூட் அடித்துக்கொண்டிருக்கிறாரோ, நல்லா இருக்கட்டும். சார்ஜன் மாத்தயா மட்டும் மழைக்காலத்தில் வந்து பாலத்தின் ஆணிகளை முடுக்கிப் பார்க்கிறார். என் தம்பி அவரோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறான், அதுவே எனக்குப் பெரிய அதிசயம். இது தற்காலிகப் பாலம்தான் என்று மாத்தயா வருத்தத்தோடு சொல்வார். எங்கள் லயமும் தற்காலிகமாகக் கட்டினதுதான், பயப்படாதீங்க என்று சொல்லிச் சிரிப்பேன்.

பனி விழுகிற காலையில் எங்க வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து, "காலு குத்துதுடி" என்று முனகுவார்.

"குத்தட்டும்" என்பேன்.

தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முனகிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு பாலத்தின்மேல் நடப்பார்.