இரண்டாம் பக்கத்தின் அடியில்

தம்பி அண்ணன் தலையில் பேரிங்கால் அடித்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பட்டறையில் கழித்துப்போட்ட லாரி பேரிங் அது. தாள் பறக்காமல் இருக்க மேசையில் வைத்திருந்தோம்.

ராசிபுரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்துக்கொண்டிருந்த காலம். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன் நான். போர்க்குழி போடும் ரிக் லாரியில் இரண்டு வருடம், கோழிப்பண்ணையில் ஒரு வருடம், பிறகு வாழப்பாடியில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே கீபோர்டு பழகியதுதான் என் தகுதி.

அன்று வந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பன் விட்டுப்போன காட்டை அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொள்கிறார்கள். கிணறு தம்பி பங்கில் வருகிறது. புதிதாக அடிக்கச் சோம்பல்பட்டு, முந்தின நாள் அடித்த கிரயப் பத்திரத்தை நகலெடுத்து அதன் மேலேயே மாற்றினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எங்கே யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஃபுட்டரில் வரும். அதை ‘முதல் பாகஸ்தர்’, ‘இரண்டாம் பாகஸ்தர்’ என்று திருத்தினேன். முதல் பக்கம் முத்திரைத்தாள் என்பதால் அதற்கு மட்டும் தனி ஃபுட்டர். நான் திருத்தியது அந்த ஒன்றைத்தான்.

எழுத்தர் வாய்விட்டுப் படித்தார். இருவரும் தலையாட்டி, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் தம்பியின் பேனா நின்றது. அவர் போட வேண்டிய இடத்தில் ‘எழுதிக் கொடுப்பவர்’ என்றிருந்தது. அண்ணன் பக்கம் ‘எழுதி வாங்குபவர்’. கிரயத்தில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் போடுகிற சொற்கள்.

“என் பங்க உனக்கு வித்துக் குடுக்கறனா? கெணத்த அமுக்கப் பாத்தீல்ல?”

“கிறுக்கனாட்டப் பேசாத. படிச்சப்பத் தூங்குனயாடா?”

பேரிங் இறங்கியது. காதுக்கு மேல் கிழிந்து ரத்தம் தாளில் ஊற்றியது. அடுத்தது தாடையில். அண்ணன் நாற்காலியோடு சாய்ந்தார். தம்பி வயிற்றில் மிதித்தார். “உடுங்க சாமி, உடுங்க!” என்று எழுத்தர் சுவரோரம் நின்று கத்தினார். அண்ணன் கையை ஓங்கவே இல்லை. “சத்தியமா எனக்குத் தெரியாதுடா” என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் அடுத்த அடி எனக்கு. நாலு மிதிவரை பேசாமல் இருந்தேன்.

“நாந்தானுங்க தப்பா அடிச்சது. அடியில இருக்கற ஃபுட்டர மாத்தலீங்க.”

“என்னடா பூட்டரு? எவ்வளவுடா குடுத்தான் உனக்கு?”

என் கடைவாய்ப் பல் ஒன்று போனது. ரத்தத்தைத் துப்பிவிட்டு முந்தின நாள் பத்திரத்தைத் திரையில் காட்டினேன். அதே சொற்கள், அதே இடம். தம்பி திரையையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தார். பேரிங்கைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

திருத்தி எடுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தம்பி பேனாவை நீட்டினார். “போடுண்ணா.”

அண்ணன் துண்டால் காதை அமுக்கிக்கொண்டு எழுந்தார். “கெணறு வேணும்னா கோர்ட்டுக்கு வா” என்றபடி வெளியேறினார்.

எழுத்தர் என்னை அப்போதே வேலையை விட்டு அனுப்பிவிட்டார். சேலம் பஸ்ஸுக்கு நின்றபோது தம்பி தேடிக்கொண்டு வந்தார்.

“எங்கண்ணங்கிட்ட நீயொருக்கா சொல்லு சாமி, தப்பு உன்னுதுன்னு.”

“சொல்லிட்டனுங்க. நீங்க மிதிக்கறப்பவே.”

நாலு மிதி தள்ளித்தான் சொன்னேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.