தரை மூச்சு விட்ட நாள்

அந்தமானின் மாயாபந்தரில் எங்கள் பள்ளிக்கூடத்துக்காகக் காட்டை வெட்டியபோது, ஒரே ஒரு குர்ஜன் மரத்தை மட்டும் விட்டுவைக்கச் சொன்னவர் அப்பா. பள்ளிக்கூடத்தைக் கட்டிய மேஸ்திரி அவர்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்குமே தவிர மரத்தின் உச்சி தெரியாது. மரம் வெட்ட வந்த ராஞ்சிக்காரர், "அகேலா நஹி டிகேகா, மேஸ்திரி" என்றார். கூட்டத்தோடு வளர்ந்த மரம் தனியாக நிற்காதாம். அப்பா சிரித்தார். "அரே பாய், எங்க திருநெல்வேலில மரத்தடி இல்லாம ஸ்கூலே கிடையாது!"

பாடம் நடத்தியது அத்தை, அப்பாவின் தங்கை. ராஞ்சிக்காரர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. வாரம் ஒருமுறை, வெயிலானாலும் மழையானாலும், எங்களைக் கைகோத்து, படகு வந்து நிற்கும் ஜெட்டியின் ஷெட் வரை நடக்கவைப்பாள். ஓடக் கூடாது, பேசக் கூடாது, புத்தகத்தை எடுக்கத் திரும்பக் கூடாது. "டீச்சரா வந்தியா, சுபேதாரா வந்தியா?" என்று அப்பா கேலி செய்வார்.

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலையிலிருந்தே பேய்க்காற்று. இடைவேளையில் மரத்தடிக்குப் போன நான் அதிசயத்தைக் கண்டேன். தரை மூச்சு விட்டது! மரம் சாயச் சாய, வேர்ப்பக்கத்து மண் ஒரு சாண் எழும்பி மெல்ல இறங்கியது. ஏறி நின்றேன், என்னையும் தூக்கியது. இவ்வளவு பெரிய பூமி என் ஒருத்திக்காக அசைகிறதே என்று உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லாரையும் கூப்பிட்டேன். முறை வைத்து ஏறினோம். அத்தையையும் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. குரல் மட்டும் மாறவில்லை. "கைகோத்துக்கிடுங்க. ஜெட்டிக்குப் போவோம்."

வழக்கம்போல நடந்தோம். ஷெட்டை எட்டியபோது பின்னால் ஒரு சத்தம். காலடியில் பலகை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தால், மேட்டில் மரம் நின்ற இடத்தில் வெறும் வானம். மரம் பள்ளிக்கூடத்தின் மேல் கிடந்தது. அவ்வளவு வானத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

அப்பா ஓடிவந்தார். ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுப் பார்த்தார். என் முறை வந்ததும் பெருமை தாங்காமல் சொன்னேன்: "நாந்தாம்ப்பா கண்டுபிடிச்சேன். தரை மேலயும் கீழயும் போச்சு. நாங்க எல்லாரும் ஏறி ஆடினோம்."

அப்பா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. தனக்கு ஏறக் கிடைக்கவில்லையே என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். பாவமாக இருந்தது.

"அழாதீங்கப்பா," என்று தேற்றினேன். "அடுத்த மரத்துல நீங்க முதல்ல ஏறுங்க."