அவர் ட்ரோன் விழுந்த வாரம்

என் கணவர் ராணுவத்தில் உளவு ட்ரோன் பறக்கவிடும் பிரிவில் ஹவில்தார். அவர் வடக்கே எல்லையில் இருந்தார். நான் அனுமந்தன்பட்டியில் மாமனாரோடு இருந்துகொண்டு, உத்தமபாளையத்தில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தேன்.

லீவில் வந்தால் அவர் பறக்கவிடும் ட்ரோனைப் பற்றித்தான் பேச்சு. ரகசியம் எதையும் சொல்ல மாட்டார். உழவு மாட்டின் குணத்தைச் சொல்வதுபோலச் சொல்வார். முதலில் பாலைவனத்தில் பறந்தது, மணல் புகுந்து எஞ்சினை மாற்றினார்கள். பிறகு பனிமலைக்கு வந்து இரண்டு தடவை இறக்கை உடைந்தது. வெள்ளத்தில் சிக்கிய ஆட்டுக்காரர்களை ஒருமுறை கண்டுபிடித்துக் கொடுத்ததைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும். "வயசாயிருச்சு, இந்த வருஷத்தோட அதுக்கு ரிட்டயர்மெண்ட்" என்றார் கடைசியாக.

எல்லையில் பதற்றம் என்று செய்தி வந்த அன்றே அவர் போன் நின்றுபோனது. மூன்றாம் நாள் காலையில் மாமா டிவிக்கு முன்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏத்தா, இங்கன வா. நம்ம ட்ரோன் ஒண்ணு விழுந்துருச்சாம்."

"அதுல ஆளு இருக்காது மாமா."

"சரி, ஓட்டுறவன் எங்கன இருப்பான்?"

எனக்குத் தெரியவில்லை. அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பள்ளியில் ஒரே கணக்கைப் போர்டில் இரண்டு தடவை எழுதினேன். சாயங்காலம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், ஜெபம் வாயில் வரவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ புது நம்பரிலிருந்து கூப்பிட்டார்.

"நான்தான். நல்லாருக்கேன்."

டப்பாவை மூடிவிட்டு அழுதேன்.

"அது போயிருச்சு" என்றார். குரல் உடைந்திருந்தது. "காத்து ஜாஸ்தி, இறக்கிருன்னு சொன்னாக. நான்தான் இன்னும் ரெண்டு நிமிஷம் கேட்டேன்."

"மெஷின்தானங்க, போனாப் போகுது."



"கேமராவ எடுக்க நாங்க மூணு பேரு நடந்து போனோம்."

எங்கே என்று கேட்டேன். சொல்லவில்லை. சொல்லாததிலேயே எல்லைக்கோட்டை ஒட்டிப் போயிருக்கிறார் என்று புரிந்தது. 

"உங்கள யாரு போகச் சொன்னாக?" என்று கத்தினேன். ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்த்தது.

விசாரணையில் காற்றுதான் காரணம், அவர்மேல் தப்பில்லை என்று முடிந்தது. லீவில் வந்தபோது, "நீ கத்துனது சரிதான்" என்றார்.

"மறுபடியும் அப்படிப் போவீகளா?"

"சொன்னாப் போகணும்."

புது ட்ரோன் வந்துவிட்டது. அவருக்கு இன்னும் மூன்று வருட சர்வீஸ் இருக்கிறது.