தலைச்சுமைக் கூலி

மலையில் ஒரு வேலைக்கு விலை போடுவது என்றால், லாரி எங்கே வந்து நிற்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் மணலும் கல்லும் சிமென்டும் ஆள் தலையில்தான் போகும். அந்தத் தலைச்சுமைக் கூலியை நான் தனி வரியாக எழுதுவேன். விலை கேட்டவர்கள் முதலில் அடிக்கப் பார்ப்பதும் அந்த வரியைத்தான். இத்தனை வருடத்தில் எனக்கு அலுத்துப்போன விஷயங்களில் அது ஒன்று.

நெல்லியாளம் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில், மழையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்துவிட்டது. தடுப்புச் சுவர் கட்ட விலை கேட்டார்கள். அந்த வருடம் நான் போட்ட விலைகள் எல்லாமே தட்டிப்போய், வேலைகள் வேறு ஆட்களுக்குப் போயிருந்தன. இதுவும் கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விடுவதாக என் மேஸ்திரி சொல்லியிருந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. கல்லை முகம் பார்த்து வைக்கும் அவர் கை எனக்குப் பழகியிருந்தது. நான் அதிகம் பேசுகிறவன் அல்ல. சைட்டில் என் பேச்சையும் சேர்த்து அவர்தான் பேசுவார். அவர் போய்விட்டால் இன்னொருவரைத் தேடி, பேசிப் பழக வேண்டும். நினைத்தாலே சோர்வாக இருந்தது.

இடம் பார்க்க அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். மனைவிதான் சித்தாள். சாலை மாதா சிலை வைத்த ஒரு கெபியோடு முடிந்தது. லாரி அதைத் தாண்டாது. அங்கிருந்து தேயிலைக்குள் படிகள், அதுவும் பாசி பிடித்த படிகள், லைன் வீடுகள் வரை இறங்கின.

"அண்ணே, தலைச்சுமையை எடுத்துருங்க. நாங்களே சுமந்துக்கிறோம்" என்றார் மேஸ்திரி.

"நாங்கன்னா யாரு?" என்று அவர் மனைவி படியில் உட்கார்ந்தபடி கேட்டார். "கரண்டியைத் தவிர நீங்க எதைத் தூக்கியிருக்கீங்க?"

"கல்யாணத்தன்னிக்குத் தாலியைத் தூக்கலையா?"

"அதுக்கே ரெண்டு கை வேண்டியிருந்துச்சு."

மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே மேஸ்திரியின் மனைவி பின்கழுத்தை அழுத்திவிட்டுக்கொண்டார். ஓவேலியில் மணல் சுமந்த வேலையிலிருந்தே அந்த வலி அவருக்கு உண்டு. நான் வரியை எடுக்கவில்லை.

சில நாள் கழித்து எஸ்டேட் துரை கூப்பிட்டனுப்பினார். என்னோடு மேஸ்திரியும் மனைவியும் பஸ்ஸில் வந்தார்கள். ஆபீஸுக்குள் நான் மட்டும் போனேன்.

"இன்னொரு பார்ட்டி தலைச்சுமையே போடலை" என்றார் துரை. "லைன் ஆளுங்க ஞாயித்துக்கிழமை சுமந்து குடுத்துருவாங்களாம். சுவரு அவங்க வீட்டுக்குத்தானே? நீங்களும் அதை எடுத்துடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

"என் லாபத்துல கொறைச்சுக்கறனுங்க சார்."

"அது எவ்வளவு இருக்கப்போகுது? அந்த வரியை எடுங்க."

வாரம் முழுக்கக் கொழுந்து பறிக்கிற பெண்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டிருக்கலாம். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தடியில் மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுங்க சார்" என்று மட்டும் சொன்னேன். துரை என் தாளை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

வெளியே வந்து சொன்னதும் மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. "என் சம்சாரம் கழுத்து வலி எனக்குத் தெரியாதாண்ணே? அதுக்கு வெலை போட நீங்க யாரு?"

பஸ்ஸுக்கு நடந்தோம். பஸ்ஸில் அவர் தள்ளிப்போய் முன்னால் உட்கார்ந்தார். அவர் மனைவி என் பக்கம் திரும்பி ஒரு இஞ்சி மிட்டாயை நீட்டினார். நான் செய்தது சரி என்று கொடுத்தாரா, வளைவுகளில் எனக்குத் தலை சுற்றும் என்று கொடுத்தாரா, கேட்டுக்கொள்ளவில்லை. அந்த மாதமே அவர்கள் திருப்பூர் போய்விட்டார்கள்.

சுவரை அந்த இன்னொரு ஆள் கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்ச்சரிவுச் சாலையில் பைக்கில் போனபோது, லைன் பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, மணல் சட்டியோடு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தவில்லை.

போன வாரம் கோத்தகிரி பக்கத்தில் ஒரு வீட்டு வேலைக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி போன் செய்தார். கோபமெல்லாம் போயிருந்தது.

"இங்க லாரி சைட்டுக்குள்ளயே வருதுண்ணே. கொட்டிட்டுப் போயிட்டே இருக்கான். நீங்க நம்ப மாட்டீங்க."

"அவங்களுக்குக் கழுத்து எப்படி இருக்கு?"

"பனியன் கம்பெனியில நூல் பிசிறு வெட்டறா. நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருக்கணும். அதே வலிதான்." பிறகு அவரே தொடர்ந்தார். "அங்க வேலை எதாச்சும் அமைஞ்சா சொல்லுங்கண்ணே. வந்துர்றோம்."

"அமைஞ்சா சொல்றேன்" என்றேன்.

போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்த்தேன். சாலை அங்கேயும் பாதியில் முடிந்திருந்தது. வீடு கீழே, பள்ளத்தில் இருந்தது. படிகளில் மெதுவாக இறங்க ஆரம்பித்தேன்.