மாவுக்கட்டைத் தொடக் கூடாது

முப்பது வருடம் மனிதக் காலைப் பாடமாக நடத்தியவன் நான். பாளையங்கோட்டையில் வீடு, மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியர் வேலை. வைத்தியம் பார்க்கும் டாக்டர் இல்லை. என் மேஜைக்கு வந்தவை எல்லாம் பார்மலினில் ஊறிய பிணங்களின் கால்கள். இந்த வித்தியாசம் எங்கள் தெருவில் யாருக்கும் புரிந்ததில்லை. காய்ச்சலுக்கும் கழுத்துப் பிடிப்புக்கும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நானும் விளக்கிச் சொன்னதில்லை. அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

முழங்காலுக்குக் கீழே கால் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. எலும்பும், தோல்வார் போல இறுகிய சவ்வும் அவற்றின் சுவர்கள். அந்தச் சுவர் விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் கசிந்து வீங்கினால் தசையும் நரம்பும் நசுங்கும். சில மணி நேரத்தில் திறந்துவிடாவிட்டால் செத்துப்போகும். முன்னறை வழியாக இறங்கும் நரம்பு, கடைசியில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே விரல்நுனி அளவுத் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிறது. அந்த இடம் மரத்துப்போனால் உள்ளே அபாயம் என்று அர்த்தம். வாய்மொழித் தேர்வில் இதைச் சொல்லத் தெரியாத மாணவனை நான் தேறவிட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரே மதில் பொதுவாக இருந்த வீட்டில், சீவலப்பேரி டவுன் பஸ் ஓட்டும் டிரைவர் குடியிருந்தார். நாற்பது வயதிருக்கும். அன்று காலை பஸ் கூரையிலிருந்து வாழைத்தார் இறக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து அவருடைய இடது கால் முறிந்தது. டவுனில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து விரல் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, பதினொரு மணிக்கெல்லாம் ஆட்டோவில் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு மணிக்கு அவர் மனைவி வந்தார். "சார், ஒரு எட்டு வந்து பாருங்க. அவுகளுக்கு வலி தாங்கல."

போனேன். டிரைவர் கட்டிலில் வேர்த்துக் கிடந்தார். தலைமாட்டில் அவருடைய மைத்துனர் விசிறிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் தம்பி. அதே பஸ்ஸில் கண்டக்டர்.

"அத்தான், முந்தாநாள் பிரசவத்துக்கு ஒரு பிள்ளைய ஏத்திட்டு வந்தோம்லா, அதுகூட இந்தக் கத்து கத்தல" என்றார் கண்டக்டர்.

"ஏலே, கால் நேராவட்டும். முதல் டிரிப்பு ஒம் மேலதான்" என்றார் டிரைவர், பல்லைக் கடித்துக்கொண்டே.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தேன். நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்த இடத்தில் உடனே சிவப்பு திரும்பியது. ரத்தம் ஓடுகிறது, எனக்கு அது போதுமானதாக இருந்தது. விரலில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே தசை சாகலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் மேஜைக்கு வந்த கால்களில் ஒன்றுகூட வலிக்கிறது என்று சொன்னதில்லை. வலியை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளும் பழக்கமே எனக்கு இருக்கவில்லை. "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. காலைத் தலையணை மேல தூக்கி வையுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் தவறு. அந்த நிலையில் காலை உயர்த்தினால் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும்.

ஐந்து மணிக்கு அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

விரல்கள் தடித்து மினுமினுத்தன. நான் ஒரு தீக்குச்சியை எடுத்துப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தொட்டேன்.

"தெரியுதா?"

"எங்கன சார் தொடுதீக?"

இன்னும் அழுத்தினேன். தெரியவில்லை என்றார். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னேன். அவர் முகம்தான் சுருங்கியது, விரல் அசையவில்லை. நானே அதைப் பிடித்துக் கீழே மடக்கினேன். அந்த அலறலில் கண்டக்டர் விசிறியைக் கீழே போட்டுவிட்டார்.

இங்கே நான் தெளிவாக எழுத வேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம் எதுவும் இல்லை. அந்தக் கட்டை உடனே பிளக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சவ்வைத் திறக்க வேண்டும். ஆட்டோவில் பத்து நிமிடம்.

நான் ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தின வருடம், கணக்கு வாத்தியார் ஒருவருடைய கெண்டைக்கால் வீக்கத்தைப் பார்த்து, ரத்தம் கட்டியிருக்கிறது, அவசரம் என்று சீட்டு எழுதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அது வெறும் தசைப்பிடிப்பு. மறுநாள் கல்லூரியில் டீ குடிக்கும் இடத்தில் அந்த ஆஸ்பத்திரி சர்ஜன், "வாயத் தொறந்து பேசுத கால நீரு பாத்ததே இல்லையோ வே? பயந்துட்டீரு போல" என்றார். பத்துப் பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலம் டிரைவரின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கேட்டது அந்தச் சிரிப்புத்தான். வேறு காரணம் இல்லை.

"சார், இத அறுத்துப் போட்டிருங்க. கை எடுத்துக் கும்பிடுதேன்" என்றார் டிரைவர்.

கண்டக்டர் வெளியே ஓடி, பஸ் டூல் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த, இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடோடு வந்தார். "நான் அறுக்கேன் அத்தான். அறுத்துட்டுக் களக்காட்டுல கட்டுப்போடுத வைத்தியர்ட்ட போயிருவோம். அவரு பைய எண்ணெ போட்டு மூங்கி பத்தை வச்சிக் கட்டுவாரு."

நாட்டு வைத்தியர் என்றதும் எனக்குக் கோபம் வந்தது. "மாவுக்கட்டைத் தொடக் கூடாது" என்றேன். "எலும்பு நகந்துட்டுன்னா ஆயுசுக்கும் கால் கோணிப்போகும். காலையில பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். நானே வாரேன்."

"அதுவரைக்கும் எப்படித் தாங்குவாக சார்? ஆளு மொகத்தப் பாருங்க."

நான் பதில் சொல்லுமுன் அக்காள்காரி பாய்ந்து தம்பி கையிலிருந்த பிளேடைப் பிடுங்கினார். "சார் சொல்லுதாகல்லா? பெரிய படிப்பு படிச்சவுகளவிட ஒனக்கு என்னலே தெரியும்? டிக்கெட்டு கிழிக்கவன் டாக்டராயிட்டானோ? போலே வெளிய!"

கண்டக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். எதையும் படிக்காத அந்த மனிதர் செய்யவிருந்த காரியம் சரியானது. அதைத் தடுத்தது என் படிப்பு.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அலறல் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தடவை எழுந்து சட்டையை மாட்டினேன். இரண்டு தடவையும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். எட்டு மணி வாக்கில் சத்தம் நின்றது. என் மனைவி, "பாவம், தூங்கிட்டாரு" என்றாள். தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். நரம்பு செத்தால் வலியும் நின்றுவிடும்.

காலையில் டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வலி விட்டுட்டு சார். நீங்க சொன்னது சரிதான்."

பெரிய ஆஸ்பத்திரியில் அதே சர்ஜன்தான் கட்டைப் பிளந்தார். தோலையும் சவ்வையும் கீறியபோது என்னையும் உள்ளே கூப்பிட்டார். உயிருள்ள தசை மாட்டிறைச்சி போலச் சிவந்திருக்கும்; இடுக்கியால் கிள்ளினால் துடிக்கும். முன்னறையிலிருந்து பிதுங்கியது சாம்பல் நிறத்தில் இருந்தது. கிள்ளினார், துடிக்கவில்லை. அந்த நிறத்தை என் மேஜையில் தினமும் பார்த்தவன் நான்.

"நேத்து யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார்.

"நான் பாத்தேன். விரல்ல ரத்த ஓட்டம் இருந்தது" என்றேன். தீக்குச்சியைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் சிரிக்கவுமில்லை.

கால் இருந்தது. முன்னறைத் தசை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பாதம் தொங்கிப்போயிற்று. கிளட்சை அவரால் மிதிக்க முடியும். பாதத்தை எடுத்து அதன் மேல் வைக்க முடியாது. பஸ் முதலாளி அவரை ஜங்ஷனில் டைம்கீப்பராகப் போட்டார். முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி அவர் நடப்பதைச் சின்னப் பையன்கள் நடித்துக் காட்டுவார்கள். குற்றமெல்லாம் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி மேல் விழுந்தது. நான் மறுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும். கட்டை அறுத்திருக்கணும். பயந்துட்டேன்."

அவர் நேரம் எழுதும் நோட்டை மூடினார். "அப்பவே அறுத்திருந்தா கால் கெடச்சிருக்குமா சார்?"

"அநேகமா கெடச்சிருக்கும்."

ஒரு பஸ் வந்தது. எழுந்துபோய் விசில் ஊதி அனுப்பிவிட்டு, அதே நடையில் திரும்பி வந்தார். உட்காரவில்லை.

"இத எம் பொண்டாட்டிட்ட சொல்லிராதீக. ஒங்க பேச்சக் கேட்டுப் பிளேடப் புடுங்குனது அவ. தெரிஞ்சா செத்துப்போவா." நோட்டை எடுத்துக்கொண்டு, "இனிமே என் பக்கத்துல உக்காராதீக சார்" என்றார்.

இரண்டையும் கடைசிவரை காப்பாற்றினேன். அவர் போய்ப் பல வருடமாகிறது. அந்த அம்மாள் ஒவ்வொரு தீபாவளிக்கும் மதிலுக்கு மேலாக முந்திரிக்கொத்து நீட்டுவார். யாராவது பக்கத்தில் இருந்தால், "அன்னைக்கு ரெண்டு தடவ கூப்பிட்டேன், ரெண்டு தடவையும் ஓடி வந்தாகளே" என்று என்னைக் காட்டிச் சொல்வார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். போன மாசிமாதம் அவரும் போய்விட்டார். அதனால் இப்போது எழுதுகிறேன்.