செத்தவீட்டுக் கோட்

செத்தவீட்டுக்குப் போனவர் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். தன்னோடு வேலை செய்பவரின் தகப்பன் செத்து, என் மனுசன் கனடாக் குளிருக்குள் ஒஷாவா நகருக்குப் போயிருந்தார். கராஜில் ஒரு வாளி சுடுதண்ணீரும் துடைக்கத் துவாயும் வைத்தேன். மாற்றுடுப்பு வைக்க மறந்துபோனேன். குளிர்காற்று வருகிறதென்று கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் கதவுக்குக் கொண்டியும் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே கண்ணயர்ந்தேன்.

பனி கொட்டியதில் அவர் வரப் பிந்திவிட்டது. அதற்குள் வாளித் தண்ணீர் பச்சைத் தண்ணீராகிவிட்டது. ஆனாலும் மனுசன் தலையில் ஊற்றியிருக்கிறார்.

கதவில் ஏதோ சுரண்டும் சத்தத்துக்கு எழும்பிப் போய்த் திறந்தேன். ஈரத் துவாயோடு படியில் குந்தியிருந்தார். உதடு நீலம். ஓர் எட்டில், ஆணியில், அவருடைய தடித்த கோட் ஈரம் படாமல் தொங்கியது. செத்தவீட்டுக்குப் போட்ட கோட் என்று தொடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தட்டியிருக்கலாமே?”

“தட்டினன்... பிள்ளை எழும்பிடும் எண்டு மெதுவா.” நாக்குக் குழறியது. “இப்ப குளிரேல்லையப்பா.”

அந்தச் சொல்லில்தான் பயந்துபோனேன். அவர் நடுங்கவில்லை. நடுக்கம் நின்றால் சுகம் வந்ததென்று நினைக்காதே, உடம்பு தோற்கிறது என்று வேலையிடத்தில் முதலுதவி படிப்பித்தவர்கள் சொன்னது நினைவு வந்தது. 911 அடித்தேன்; பனியால் அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்றார்கள்.

எனக்குப் பத்தியம் பார்க்க வந்து மேல்மாடியில் படுத்திருந்த அம்மா பிரண்டியும் எண்ணெயும் கொண்டு ஓடிவந்தார். “சூடு பறக்கத் தேய்ச்சா சரியாகும் பிள்ளை.”

“தேய்க்காதேங்கோ அம்மா. பிரண்டியும் குடுக்கக் கூடாது. கம்பளியைக் கொண்டாங்கோ.”

இருவருமாக அவரை அலுங்காமல் உள்ளே கொண்டுவந்து படுக்கவைத்தோம். ஈரத்தை ஒற்றி, தலையைக் காய்ந்த துணியால் சுற்றிக் கட்டினேன். கம்பளி போதவில்லை. ஆணியில் கிடந்த கோட்டை இழுத்துவந்து மேலே போட்டு, நானும் அதற்குள் புகுந்து அவர் நெஞ்சோடு நெஞ்சு வைத்துக் கிடந்தேன். மீனைத் தொட்டதுபோல் இருந்தது. என் சட்டம்தான் இந்த மனுசனைக் கொல்லப்போகிறது என்று நினைத்தேன். அம்மா அந்தச் செத்தவீட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய பல் கிடுகிடுத்தது. பிறகு முழு உடம்பும் திரும்பவும் நடுங்கத் தொடங்கியது; உடம்பு தோற்கவில்லை. நான் அழுதுவிட்டேன்.

அறைக்குள் பிள்ளை வீரிட்டது. என்னால் எழும்ப முடியாது. அம்மா போய்த் தூக்கிவந்தார். கோட்டின் ஓரத்தை உயர்த்தி, பிள்ளையை என் மறுபக்கத்தில் கிடத்தி, அந்தக் கோட்டாலேயே போர்த்திவிட்டார்.