சாச்சாவின் இருமல்

என் மூத்த மகளுக்குப் பேர் வைத்த அன்று சாச்சாவின் வாயில் கராம்பு மணத்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு ஹோலில் வெள்ளைச் சாரனோடு உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தை மென்று, அதை விரல் நுனியில் எடுத்துப் பிள்ளையின் அண்ணத்தில் தடவித் தஹ்னீக் செய்தார். பிறகு ஓதி முகத்தில் ஊதினார். நான் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாச்சா என் வாப்பாவின் தம்பி. வாப்பா கட்டாரில் உழைத்த காலமெல்லாம் என்னைச் சைக்கிளில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவர் அவர். நான் பிறந்தபோது எனக்குப் பேரீச்சம்பழம் தடவியவரும் அவர்தான். அவரை நம்புவதற்கு நான் யோசித்ததே இல்லை.

கொஞ்ச நாளில் பிள்ளைக்கு இருமல் வந்தது. முதலில் தடிமன் என்று நினைத்தோம். பிறகு இருமத் தொடங்கினால் நிற்பதில்லை என்றாயிற்று. மூச்செடுக்க முடியாமல் என் கையிலேயே நீலம் பாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். கக்குவான் என்றார் டொக்டர். அதற்குரிய தடுப்பூசி போடும் வயதுகூட அவளுக்கு வந்திருக்கவில்லை. கிட்ட வந்தவர்களில் யாருக்காவது இருமல் இருந்ததா என்று கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். பிள்ளையைத் தூக்கிய எல்லோரும் தங்களுக்கும் தொற்றாமலிருக்க மருந்துக் குளிசை எடுக்க வேண்டும் என்று சொல்லி அதையும் தந்தார். பார்க்க வந்த சாச்சாவின் மனைவி, சாச்சியிடம், சாச்சாவின் பங்கை நீட்டினேன். சாச்சி வாங்கவில்லை.

“இந்தக் குளிசைதான் மகள் அவருக்குப் போன மாசமே குடுத்த. வயிறு எரியுதெண்டு இடையில விட்டுட்டார். மிச்சம் வீட்டுல கிடக்கு.”

“என்ன வருத்தத்துக்குக் குடுத்த?”

“இதுக்குத்தான். கக்குவானா இருக்கும், சின்னப் புள்ளைகளுக்குக் கிட்டப் போகவேணாமெண்டு டொக்டர் சொன்னாராம். பேர் வெச்ச அண்டைக்கு இருமல் வராம இருக்கத்தான் பாணி மருந்தும் குடிச்சி, கராம்பையும் வாயில போட்டுக்கிட்டு வந்தார்.”

சொல்லி முடித்த பிறகுதான் சாச்சிக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். மூச்சுக்குழாயின் உள்பக்க உயிர்க்கலங்களில் பிசிர்கள் இருக்கின்றன, கண்ணுக்குத் தெரியாத மயிர் போன்றவை. ஓயாமல் அசைந்து சளியையும் தூசியையும் மேலே தள்ளிவிடுவது அவற்றின் வேலை. மற்றக் கிருமிகளில் பல அந்தச் சளியோடு வெளியே போய்விடும். கக்குவான் பற்றீரியா போகாது. அதன் உடம்பின் மேல் இருக்கும் புரதங்கள் அந்தப் பிசிர்களையே தேடிப் பிடித்துக்கொள்கின்றன. துப்புரவு செய்கிறவனின் கையையே பிடித்துக்கொள்வது மாதிரி. பிறகு நஞ்சை விட்டு அந்தக் கலங்களைக் கொல்கிறது. சளியைத் தள்ள ஆளில்லாமல் போக, பிள்ளை இருமி இருமித் தள்ளப் பார்க்கிறது. மருந்து பற்றீரியாவைக் கொன்றுவிடும், செத்த கலத்தைத் திருப்பித் தராது. என் மகள் கிருமி போன பிறகும் மாதக்கணக்கில் இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் நான் எழும்பி அவள் உதட்டின் நிறத்தைப் பார்த்தேன்.

உம்மா சாச்சாவுக்காகப் பரிந்து பேசினார். “அவர் தஹ்னீக் செய்யாட்டி உன்ட மாப்புளைட வாப்பா செஞ்சிருப்பார். நம்மட பக்கத்துக்கு மரியாதை இல்லாமப் போயிருமெண்டு நினைச்சிட்டார் மனுசன். புள்ள தப்பிட்டுதானே, விடு.”

தப்பிவிட்டாள், உண்மைதான். கிருமியின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அதற்குத் தெரிந்தது ஒட்டிக்கொள்வது மட்டும்தான். சாச்சாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டு, இருமலை அடக்கிக்கொண்டு, என் பிள்ளையின் முகத்தில் ஊதினார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய மரியாதையை நானே காப்பாற்றியிருப்பேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். சாச்சா இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறார். போகுமுன் வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்பது எங்கள் ஊர் வழக்கம். நேற்று என் வீட்டுக்கும் வந்தார். தேநீர் கொடுத்தேன். எல்லா வீட்டிலும் சொல்வதையே எனக்கும் சொன்னார்.

“தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சிரு மகள்.”

நான் காத்திருந்தேன். அந்த நாளைப் பற்றி ஒரு சொல் வரும் என்று நினைத்தேன். அவர் தேநீரைக் குடித்து முடித்து எழும்பினார்.

“தெரியாமச் செஞ்சதெல்லாத்தையும் மன்னிச்சிட்டன், சாச்சா” என்றேன்.

மற்றதையும் சொல்வேன் என்று அவர் வாசலில் நின்றார். நான் சொல்லவில்லை.